ஜீர்ணமும் உத்தாரணமும்

எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்ற கேள்வி ராஜ்யங்களை ஆண்டவர்களுக்கும் மடங்களை நடத்தியவர்களுக்கும் மாத்திரமே உரியது என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை, கும்பகோணத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில், நுண்ணலை அடுப்பின் அடியிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக வடிந்து மேடைக் கல்லின் மேல் ஓடியபோது, அதே கேள்வி வாசற்படி தாண்டி உள்ளே வந்து நின்றது. "ஒழுகுது அத்தை, இனிமே இதைத் தொட வேண்டாம். புதுசா ஒண்ணு வாங்கிடலாம்" என்றாள் மருமகள். "சொட்டுத் தண்ணிக்காக ஓடுற பொருளைத் தூக்கிப் போடுவாங்களாம்மா? ஆளைக் கூப்பிட்டுக் காட்டு" என்றாள் என் மனைவி. இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நானோ இருவர் பக்கத்திலும் நியாயம் கண்டு, எந்தப் பக்கமும் பேச நா எழாமல் நின்றேன்.

நான் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. என் தாயார் படுக்கையில் விழுந்து கிடந்த கடைசி இரண்டு வருஷங்களில், நடுநிசியில் அவருக்குப் பசி எடுத்தபோதெல்லாம், உறங்குபவர்களை எழுப்பாமல், பாத்திரம் உருட்டாமல், ஒரு நிமிஷத்தில் கஞ்சியைச் சூடாக்கி என் கையில் கொடுத்தது அதுதான். அதன் விளக்கு எரிவதைக் கண்டால் இன்றைக்கும் அந்த இரவுகள் என் நினைவுக்கு வரும். பொருளின் மேல் வைத்த பற்று என்று நாம் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் அந்தப் பொருளோடு சேர்ந்துபோன ஒரு முகத்தின் மேல் வைத்த பற்றுதான். ஆகவே, "செப்பனிட்டுக்கொள்ளலாம்" என்று என் மனம் சொன்னபோது, அப்படிச் சொன்னது சிக்கனமா, விவேகமா, அல்லது துக்கமா என்று நான் ஆராய வேண்டியிருந்தது. அந்த ஆராய்ச்சியின் பயனாக எனக்குத் தெளிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். பொருள் அற்பமானதுதான். ஆனால் தர்மம் பெரும்பாலும் அற்பமான பொருள்களின் வழியாகவே நம்மைப் பரீட்சை செய்கிறது.

நம் முன்னோர் இல்லறத்தானின் கடமைகளை அக்கினியை முன்னிட்டே வகுத்தார்கள். கார்ஹபத்தியம், ஆஹவனீயம், தக்ஷிணாக்கினி என்று மூன்று தீயை வளர்த்தவர்கள், தீயை மூட்டும் விதியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஆஹவனீயத்தைச் சூழ மூன்று கட்டைகளை வைத்து அதற்கு எல்லை கட்டும் விதியையும் செய்தார்கள். அந்தக் கட்டைகளுக்குப் 'பரிதி' என்று பெயர். நெருப்பு தெய்வம் என்று நம்பியவர்களே அதற்கு வேலியும் வேண்டும் என்று கண்டது ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது. எல்லைக்குள் நிற்கும் அக்கினி சோறு சமைக்கிறது, குளிர் போக்குகிறது, அவியை ஏற்றுத் தேவர்களிடம் சேர்க்கிறது. எல்லை தாண்டிய அதே அக்கினி கூரையைப் பற்றுகிறது. நெருப்பின் ஸ்வபாவம் இரண்டிடத்திலும் ஒன்றே. ஒன்றைப் புண்ணியமாகவும் மற்றொன்றை நாசமாகவும் ஆக்குவது அந்த வேலிதான்.

நுண்ணலை அடுப்பும் அக்கினி வம்சத்தைச் சேர்ந்ததே. ஆனால் கண்ணுக்குப் புலனாகாத அக்கினி. அதன் உள்ளே இருக்கும் மாக்னெட்ரான் என்னும் குழல் தன் இன்றைய வடிவத்தை யுத்தத்தின் நடுவே பெற்றது. 1940-ஆம் வருஷம் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்ற இரு விஞ்ஞானிகள், எதிரி விமானங்களைத் தூரத்திலேயே கண்டறியும் ராடாருக்காக அதைச் செய்தார்கள். யுத்தம் முடிந்த 1945-இல், அமெரிக்காவில் ரேதியான் கம்பெனியில் பணிபுரிந்த பெர்சி ஸ்பென்ஸர், அப்படிப்பட்ட குழலின் அருகே நின்றபோது தம் சட்டைப் பையிலிருந்த மிட்டாய் உருகிப்போயிருப்பதைக் கண்டார். அந்த வருஷம் அக்டோபர் மாதமே அவர் தம் சமையல் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1947-இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஏறக்குறைய ஆறு அடி உயரமும் 340 கிலோ எடையும் உடையதாக இருந்தது. வீட்டு மேடையில் வைக்கத் தக்க உருவம் 1967-இல்தான் அதற்கு வாய்த்தது. சேனைக்காகப் பிறந்த ஒரு சக்தி, இருபத்தேழு வருஷத்தில் குழந்தைகளுக்குப் பால் காய்ச்ச வந்து சேர்ந்தது.

அந்தச் சக்தி விநாடிக்கு 245 கோடி முறை அதிரும் அலையாக இருக்கிறது. உணவிலுள்ள நீரின் அணுத்திரள்கள் அந்த அலையோடு திரும்பித் திரும்பி உராய்வதால் சூடு பிறக்கிறது. அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கதவுக் கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு உலோகச் சல்லடையைப் பதித்திருப்பார்கள்; அதன் துளைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இரா. வெளிச்சத்தின் அலை மிகச் சிறியது. ஆதலால் அது துளையின் வழியே வந்து உள்ளே சுழலும் பாத்திரத்தை நமக்குக் காட்டுகிறது. சமைக்கும் அலை பெரியது. அதற்கு அந்தத் துளை மூடிய சுவராகிறது. கதவின் விளிம்பைச் சுற்றி ஓடும் பள்ளம், இடுக்கின் வழியே தப்ப முயலும் அலையைத் திருப்பி அடக்குகிறது. காணலாம், தீண்டலாகாது என்ற இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போது, கர்ப்பகிருகத்துக்கும் அர்த்தமண்டபத்துக்கும் இடையே உள்ள வாசற்படி என் நினைவுக்கு வந்தது. பழைய யாகசாலையில் பரிதிக் கட்டை செய்த காரியத்தை இங்கே கதவு செய்கிறது.

இரண்டு நாள் கழித்துப் பழுது பார்ப்பவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், முப்பது வருஷத்துக்கு மேல் இத்தொழிலில் இருப்பவர். வடிந்த நீரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது சோத்து ஆவிதாங்க ஐயா. கதவுல பட்டுக் குளிர்ந்து கீழே இறங்குது. தண்ணி ஒண்ணும் செய்யாது. துடைச்சா போச்சு" என்றார். பிறகு கதவை இரண்டு முறை திறந்து மூடினார். அவர் முகம் மாறியது. "இந்த மேல் மூலை உட்காரலையே, எங்கேயாவது விழுந்துதா?" என்று கேட்டார். விழுந்தது உண்மைதான். முந்திய வருஷம் வெள்ளையடிப்பின்போது இடம் மாற்றுகையில் கை நழுவிக் கதவின் மேலேயே சாய்ந்திருந்தது. கீல் வளைந்து, மேல் மூலையில் ஒரு நகக்கண் அளவு இடைவெளி விட்டிருந்தது. விளிம்பில் வர்ணம் கருகியிருந்தது. உள்ளே ஒரு டம்ளர் நீரை வைத்து அடுப்பை ஓடவிட்டு, கையிலிருந்த மீட்டரைக் கதவின் நான்கு ஓரங்களிலும் மெல்ல நகர்த்தினார். மூன்று ஓரங்களில் அசையாதிருந்த முள் அந்த மூலையில் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஏறியது.

ஒரு வருஷமாக நாங்கள் அதை அறியவில்லை. நீர் வடிந்த ஒரே நாளில் வீடே கலங்கியது. ஆனால் அந்த நீர் நிரபராதி. உண்மையில் கசிந்தது சத்தமின்றி, நிறமின்றி, வாசனையின்றிக் கசிந்தது. தர்க்க சாஸ்திரம் பயில்வோருக்கு முதற் பாடமாக வருவது, மலையில் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று அனுமானிப்பது. புகையில்லாத நெருப்பை எதைக் கொண்டு அனுமானிப்பது? பிரத்யட்சம் அங்கே கைவிடுகிறது. அனுமானமும் ஒரு வளைந்த கீல், ஒரு கருகிய விளிம்பு என்ற சிறு அடையாளங்களைக் கவனிக்கத் தெரிந்தவனுக்கே கை கொடுக்கிறது. மற்றவர்களுக்கு எஞ்சியிருப்பது அறிந்தவர் வாக்காகிய ஆப்தவாக்கியம் ஒன்றே. கண்ட தீமைக்கு அஞ்சிக் காணாத தீமையோடு குடித்தனம் செய்வது மனித இயல்பு. நம்முடைய பாபங்களிலும் ஊர் பார்க்க வடிவதற்காக நாம் வெட்கப்படுகிறோம். ஒருவரும் பாராமல் கசிவதோடு சமாதானமாக வாழ்கிறோம்.

அச்சத்தை அளவோடு வைத்துக்கொள்வதும் விவேகத்தின் பகுதியே ஆகையால், இங்கே உண்மையை உள்ளபடி சொல்ல வேண்டும். இந்த அலை எக்ஸ்ரே கதிரைப் போன்றதன்று. அது உயிரணுவின் உள்ளமைப்பை உடைப்பதில்லை; உணவைக் கதிரியக்கம் உடையதாக்குவதும் இல்லை. அது செய்வது சூடேற்றுவது ஒன்றே. ஆயினும், ரத்த ஓட்டம் வந்து சூட்டைத் தணிக்க வழியில்லாத கண்ணின் வில்லை போன்ற உறுப்புகளுக்கு மிகுந்த கசிவு தீங்கு செய்யும். ஆதலால் அடுப்பின் மேற்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியலாகாது என்று அளவு விதித்திருக்கிறார்கள். அமெரிக்கச் சட்டம் 1971 முதல், விற்பனைக்கு முந்திய புதிய பெட்டிக்கு 1 மில்லிவாட் என்று இன்னும் கடுமையாக வரையறுத்தது. அரை மீட்டர் விலகி நின்றால் கசிவின் வலிமை ஏறக்குறைய நூறில் ஒன்றாகக் குறைந்துவிடும். எனவே என் பேரனுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தட்டு சுழல்வதைப் பார்க்கும் ஆசையால் அவன் தினந்தோறும் அந்தக் கதவருகே முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் அலைக்கும் நடுவே நாங்கள் அறியாத ஒரு இடுக்கு இருந்தது. அந்த நினைவு ஒன்றே என்னை மௌனமாக்கப் போதுமானது.

இனிச் செய்வது என்ன? 'ஜீர்ணம்' என்ற வடசொல்லை அன்றிரவு என் மனம் பற்றிக்கொண்டது. தேய்ந்தது, நைந்தது, பழையதானது என்று அதற்குப் பொருள். அந்த ஒரு சொல் நம் சாஸ்திரங்களில் இரண்டு நேர்மாறான உபதேசங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. நைந்த ஆடையை மனிதன் களைந்துவிட்டுப் புதியதை உடுத்துவதுபோல ஆத்மா பழைய சரீரத்தை விட்டுப் புதிய சரீரத்தை அடைகிறது என்று கீதையின் இரண்டாம் அத்தியாயம் சொல்லும்போது, ஜீர்ணமானதன் தர்மம் களையப்படுவதாகவே தோன்றுகிறது. ஆகமங்களோ, சிதைந்த ஆலயத்தைத் தூக்கி நிறுத்தும் புண்ணியத்துக்கு ஜீர்ணோத்தாரணம் என்று பெயரிட்டுப் போற்றுகின்றன. அதே சொல் தமிழில் ஜீரணம் என்று மருவி வயிற்றில் உணவு செரிப்பதைக் குறிக்கிறது; அங்கே பழையது களையப்படுவதும் இல்லை, நிறுத்தப்படுவதும் இல்லை; உருமாறி நம் உடலாகிவிடுகிறது. நைந்த பொருளுக்கு விடுதல், எடுத்து நிறுத்தல், உருமாற்றுதல் என்ற மூன்று கதிகளையும் ஒரே சொல் தாங்கி நிற்கிறது. எந்தப் பொருளுக்கு எந்தக் கதி என்று தேர்வது நம் பொறுப்பாக விடப்பட்டிருக்கிறது.

ஆலயத்தில் இந்தத் தேர்வு எவ்வளவு நுட்பமாக நடக்கிறது என்பதைக் கோயில் நகரத்தில் வாழ்பவன் கண்ணாரக் காணலாம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் வருகிறது. விக்கிரகத்தைப் பீடத்தோடு பிணைத்திருக்கும் அஷ்டபந்தன மருந்து காலத்தால் இளகியும் வெடித்தும் போவதால், கொம்பரக்கு, சுக்கான் கல், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, ஜாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டுப் பொருள்களை இடித்து இழைத்துப் புதிதாகச் சாத்துகிறார்கள். வேலை நடக்கும் காலத்தில் தெய்வ சாந்நித்தியத்தைப் பாலாலயத்துக்கு மாற்றி வைத்து, அங்கே பூஜை தவறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். விக்கிரகமே பின்னப்பட்டால், சிற்ப நூலார் அங்கம் என்றும் உபாங்கம் என்றும் பகுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். உபாங்கத்தில் குறை நேர்ந்தால் செப்பனிடலாம். பிரதான அங்கம் பின்னமானால் அந்த மூர்த்தியை முறைப்படி நீரில் சேர்த்துவிட்டுப் புதியது செய்ய வேண்டும். ஆகவே, பழுது உண்டா என்று கேட்டதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பழுது எந்த இடத்தில் என்றும் கேட்டார்கள்.

அடுப்பில் எது அங்கம், எது உபாங்கம்? தத்துவ வாதிகளை அழைத்தால் இங்கே பெரிய விவாதம் மூளும். அவயவங்களுக்கு மேற்பட்டு அவயவி என்ற ஒரு முழுப்பொருள் உண்மையாகவே உண்டென்பது நியாய வைசேஷிகர் கொள்கை; துணியிலிருந்து சில நூல்களை உருவிவிட்டால் பழைய துணி அழிந்து வேறொரு துணி பிறக்கிறது என்று சொல்லும் அளவுக்கு அவர்கள் அதில் உறுதியாக இருந்தார்கள். அவர்கள் கணக்கில், ஒரு திருகாணியை மாற்றினாலும் அது வேறு அடுப்பு. பௌத்தரோ, நாகசேனர் மிலிந்த அரசனுக்குத் தேரைக் காட்டிச் சொன்னதுபோல, சக்கரமும் அச்சும் நுகமும் சேர்ந்த சேர்க்கைக்கு வழங்கும் பெயரே தேர் என்பார்கள். அவர்கள் கணக்கில், நான் பற்று வைத்த அடுப்பு என்ற ஒன்று முதலிலிருந்தே இல்லை. முந்தியவர் சொல்வதை ஏற்றால் பழுது பார்த்தல் என்பதே நடவாது. பிந்தியவர் சொல்வதை ஏற்றால் கைவிடுவதற்கு ஒன்றும் இராது. இரு சாராரும் பொருள் என்ன என்று கேட்டார்கள். சமையலறையில் நிற்பவன் கேட்க வேண்டிய கேள்வியோ, இந்தப் பொருள் எந்தக் கடமைக்காக இங்கே நிற்கிறது என்பது.

அப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்று விளங்கியது. மாக்னெட்ரான்தான் இதன் ஹிருதயம் என்று யாரும் எளிதில் சொல்லிவிடுவார்கள். ஆனால் மாக்னெட்ரான் செத்துப்போனால் அடுப்பு ஒரு வெறும் அலமாரியாகிவிடும், சோறு சூடாகாது, ஒருவருக்கும் தீங்கில்லை. சுழல் தட்டு நின்றால் ஒரு பக்கம் சில்லென்றிருக்கும். விளக்கு அணைந்தால் உள்ளே இருட்டாயிருக்கும். இவை எல்லாம் தன் தொழிலைச் செய்யாமற்போகும் குறைகள். கதவு கெட்டாலோ, தொழில் குறைவின்றி நடக்கும். சோறு நன்றாகவே கொதிக்கும். எல்லை மட்டும் காக்கப்படாது. தொழிலில் நேரும் குறை பொருளை உடையவனை வருத்தும். எல்லையில் நேரும் குறை அருகில் நிற்பவனை, அதுவும் அவன் அறியாமல், வருத்தும். முன்னதைப் பொறுத்துக்கொண்டு காலம் தள்ளுவது சிக்கனம் ஆகலாம், எளிமை ஆகலாம், தவம் என்றுகூடச் சொல்லலாம். பின்னதைப் பொறுத்துக்கொள்ள நமக்கு அதிகாரமே இல்லை. ஏனெனில் அங்கே பொறுப்பவர் நாமல்லர். அஹிம்சை என்பது கொல்லாதிருப்பதோடு முடிந்துவிடுவதன்று. தன் பொறுப்பிலுள்ள நெருப்பின் வேலியைத் தினந்தோறும் தொட்டுப் பார்ப்பதும் அதில் சேர்ந்ததே.

இவ்வளவு சொன்னதால், பழுது பார்ப்பதை நான் தாழ்வாக நினைப்பதாக யாரும் கொள்ளலாகாது. என் பால்யத்தில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுபவர் வருவார். திண்ணை ஓரத்தில் குழி தோண்டிக் கரி போட்டு, துருத்தியால் ஊதி, பித்தளைப் பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தை வைத்துப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றுவார். பாத்திரத்தின் உட்புறம் நிலவைப்போல் வெளுத்துவிடும். பூச்சுப் போன பித்தளையில் புளி சேர்ந்தால் களிம்பேறி உணவு விஷமாகும் என்பதை எங்கள் பாட்டிமார் அறிந்திருந்தார்கள். அங்கேயும் கெட்டது எல்லைதான். உலோகத்துக்கும் உணவுக்கும் நடுவே இருந்த மெல்லிய வேலி. ஆனால் அந்த வேலியைத் திரும்பக் கட்டும் வித்தை தெருவிலேயே நடந்து வந்தது. ஆகையால் ஒரு பாத்திரம் மூன்று தலைமுறைக்கு உழைத்தது. பழுது பார்ப்பது பூமியிலிருந்து எடுத்த உலோகத்துக்கும், அதை வடித்த தொழிலாளியின் உழைப்புக்கும் நாம் செய்யும் மரியாதை. 2022-ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தார் கழித்துப் போட்ட மின்சாதனங்கள் 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், அவற்றில் முறைப்படி சேகரித்து மீட்கப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவிகிதமே என்றும் படிக்கும்போது, ஒரு பெட்டியைக் கைவிடுமுன் நூறு முறை யோசிப்பது லோபமாகாது, ஜீவகாருண்யமே என்று தோன்றுகிறது.

ஆதலால், புதிய கதவு கிடைக்குமா என்று கேட்டேன். கிடைத்திருந்தால் மாற்றியே இருப்போம். அது உண்மையான உத்தாரணமாக இருந்திருக்கும். "அந்த மாடல் நின்னு வருஷக்கணக்காச்சுங்க ஐயா. உதிரி வராது" என்றார் அவர். "வளைஞ்சதை நிமிர்த்த முடியாதா?" என்றேன். "தட்டி நிமிர்த்தித் தர்றேன்னு சொல்ற ஆளும் இருக்காங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கும். உள்ளே எப்படி உட்கார்ந்திருக்குன்னு யார் சொல்றது? நான் செய்ய மாட்டேன் ஐயா" என்றார். உள்ளே ஏறக்குறைய நாலாயிரம் வோல்ட் ஓடும் கருவி அது. மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதன் கப்பாசிடரில் உயிரைப் போக்கத்தக்க மின்சாரம் தங்கியிருக்கும். அதைத் தினமும் திறந்து மூடி வயிறு வளர்ப்பவர், இருநூறு முந்நூறு ரூபாய் வருகிற வேலையை வேண்டாம் என்றார். பழுது பார்க்க அறிந்தவனுக்கே பழுது பார்க்கலாகாததும் தெரிகிறது. அவர் மறுத்த அந்தக் கணத்தில் அவர் தொழில் எனக்குச் சாஸ்திரமாகத் தோன்றியது. உதிரிப் பாகம் தராமல் தம் பண்டத்தைத் தாமே அநாதையாக்கும் உற்பத்தியாளருக்கும் இதில் பங்கு உண்டு. பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய நம் அரசாங்கம் 2022-இல் ஒரு குழு அமைத்தது. வாங்குகிறவனின் விவேகம் மாத்திரம் போதாது, செய்கிறவனின் தர்மமும் வேண்டும் என்பதை அது ஒப்புக்கொண்டதாகவே நான் கொள்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்மணி இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் என் மனைவியிடம், "தூக்கிப் போடறதா இருந்தா எனக்குக் குடுங்கம்மா. ராத்திரி போய்ப் புள்ளைங்களுக்குச் சூடு பண்ணிக் குடுப்பேன்" என்று கேட்டாள். அதற்கு முதல் நாள், பழைய சாமான் வாங்குபவர் ஒருவர் ஐந்நூறு ரூபாய் தருவதாகச் சொல்லிப் போயிருந்தார். கொடுத்தால் புண்ணியம், விற்றால் லாபம், இரண்டிலும் வீட்டில் இடம் காலியாகும். அந்தச் சமயத்தில் கடோபநிஷத்தின் தொடக்கம் என் மனத்தில் வந்து நின்றது. வாஜச்ரவஸ் யாகம் செய்து தம் உடைமைகளைத் தானம் கொடுக்கிறார். நீர் குடித்து முடிந்து, புல் தின்று முடிந்து, பால் கறந்து வற்றிப்போன பசுக்களை ஓட்டிப் போவதைச் சிறுவன் நசிகேதன் பார்க்கிறான். இப்படிக் கொடுப்பவருக்கு என்ன உலகம் கிட்டும் என்று அவன் உள்ளம் பதைக்கிறது. மரண தேவனோடு நடந்த அந்த மகத்தான சம்வாதம், நைந்ததைத் தானமாகக் கொடுப்பது தானமாகுமா என்ற ஒரு பிள்ளையின் கேள்வியிலிருந்தே பிறந்தது. வற்றிய பசு பால் தராது; அவ்வளவே. நான் கொடுக்கவிருந்ததோ, பாலோடு தீங்கும் தருவது; அதுவும், மேல் மூலையை நோக்கி மீட்டர் பிடிக்க ஆள் இல்லாத வீட்டில், தட்டு சுழல்வதைப் பார்க்கக் குழந்தைகள் கூடும் அறையில்.

கொடுக்க முடியாது என்று சொன்னபோது அவள் முகம் வாடியது. சாக்குச் சொல்கிறோம் என்று நினைத்திருக்கலாம். அவளை அழைத்துக் கதவின் இடுக்கைக் காட்டி, பேரன் நின்ற இடத்தையும் காட்டினேன். அதன் பிறகே அவளுக்கு மனம் சமாதானமாயிற்று. அவளுக்கு வேண்டியிருந்தது இரவில் பிள்ளைகளுக்குச் சூடான சோறு. அதற்காக ஒரு புதிய மின்னடுப்பு வாங்கிக் கொடுத்தோம். அதைத் தானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; எங்களுக்காகப் பாத்திரம் துலக்கும் கைகளுக்கு நெடுநாளாகச் செலுத்த வேண்டியிருந்த கடன் என்றே கருதுகிறேன்.

கைவிடுவது என்று முடிவு செய்தாலும் பொறுப்பு அத்தோடு தீர்ந்துவிடாது. வேண்டாததை வீசி எறிவதை வைராக்கியம் என்று மயங்குபவர்கள் உண்டு. வீசியவன் கண்ணுக்கு மறைந்தது உலகத்துக்கு மறைந்துவிடுவதில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழுதான ஏடுகளை ஆகம விதி என்று எண்ணி நெய்யில் தோய்த்து அக்கினியில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு உ.வே. சாமிநாதையர் மனம் நொந்ததை அவருடைய எழுத்தில் படித்தவர்கள், சடங்கு மட்டும் இருந்து விவேகம் இல்லாதபோது கழிப்பது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதை அறிவார்கள். போகிப் பண்டிகையன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தி ஊரெங்கும் கரும்புகை பரப்புகிறவர்கள், 'பழையன கழிதலும்' என்ற சூத்திரத்தால் பழையதைக் கழிப்பதற்கு நன்னூலார் அனுமதி கொடுத்திருப்பதாகச் சொல்வதுண்டு. அவர் அந்தச் சூத்திரத்தைச் செய்தது மொழியில் சொற்கள் வழக்கொழிவதையும் புதியவை வருவதையும் பற்றி. மூர்த்தியை நீரில் சேர்க்கும் விஸர்ஜனத்துக்கும் ஒரு முறை உண்டு. மண் மண்ணோடும் கல் நீரோடும் போய்ச் சேரும் என்ற நிச்சயம் அதில் உண்டு. செம்பும் இரும்பும் மின்பலகையும் கலந்த இந்தப் பெட்டிக்கு அந்த நிச்சயம் குளத்திலும் இல்லை, குப்பைமேட்டிலும் இல்லை. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள், இப்படிப்பட்டவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர வேண்டும் என்கின்றன. இந்தக் காலத்து விஸர்ஜன விதி அதுவே என்று நான் கொண்டேன்.

இவ்வளவையும் எண்ணி முடித்த பின்பும் ஒரு சங்கடம் எனக்குள் மிஞ்சியது. தேய்ந்ததை ஆராய்ந்து, அங்கம் பின்னமானால் விடு என்று சொல்லும் இந்த அளவுகோல், தேய்ந்துபோன மனிதர்களின் மேலும் திரும்பினால் என்ன ஆகும்? என் தாயாருக்குக் கடைசியில் நினைவு தவறியது. யார் வந்தது, யார் போனது என்று தெரியாது. அதற்கும் ஆகமத்திலேயே விடை கிடைத்தது. சிற்பி செய்து நிறுத்திய மூர்த்திக்கே மாற்றுவதும் விடுவதும் விதிக்கப்பட்டிருக்கின்றன. தானாகத் தோன்றிய சுயம்பு எவ்வளவு தேய்ந்தாலும் அதை அகற்றலாகாது. மனிதர் சுயம்பு மூர்த்திகள். நம் கையால் உருவாகாதவர்களை நாம் கழிப்பதற்கு விதியில்லை. கஞ்சியைச் சூடாக்கி அருகில் உட்கார்வதற்கே விதி. இதைத் தெளிந்தபோது பெட்டியின் மேலிருந்த என் பற்றும் தானே கழன்றது. அந்த இரவுகளில் சுயம்புவாக இருந்தது எது, உபகரணமாக இருந்தது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுசுழற்சிக்கு அனுப்பும் நாளன்று பழுது பார்ப்பவரே வந்து, வழியில் யாரும் எடுத்து மீண்டும் ஓட்டிவிடாதபடி மின்கம்பியை அடியோடு வெட்டி என் கையில் கொடுத்தார். உள்ளே இருந்த கண்ணாடித் தட்டில் ஒரு கீறலும் இல்லை. என் மனைவி அதைக் கழுவித் துடைத்துப் பூஜை அறைக்கு எடுத்துப் போனாள். இப்பொழுது குத்துவிளக்கு அதன் மேல் நிற்கிறது. சிந்தும் எண்ணெயைத் தட்டு தாங்கிக்கொள்கிறது. மாலையில் பேரன் அதன் முன்னே உட்கார்ந்து சுடரைப் பார்க்கிறான். எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.